இருபத்திரண்டு மடங்கு

மலைபடுகடாம் நடத்தும் ஆண்டுகளில், கூத்தர்கள் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் பட்டியல் வந்ததும் வகுப்பில் கொட்டாவிகள் தொடங்கிவிடும். எனக்கோ நூலின் அந்தப் பகுதிதான் மிக நெருக்கமானது. நன்னனின் செங்கண்மா, இன்றைய செங்கம், எங்கள் திருவண்ணாமலைக்கு மிக அருகில் இருப்பது ஒரு காரணம். பலாக்காய்க் கொத்துப்போல் கருவிப்பைகள் தொங்கும் என்ற உவமையைப் படிக்கும்போதெல்லாம், மிதிவண்டியின் கைப்பிடியில் இரண்டு பைகளும் முதுகில் கிட்டாருமாகக் கச்சேரிக்குக் கிளம்பும் என் அண்ணன் நினைவில் வருவது மற்றொரு காரணம்.

அண்ணன் ஒரு மெல்லிசைக் குழுவில் மின்கிட்டார் வாசித்தவர். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்கருவியைக் கர்நாடக இசை மேடையில் அமர்த்திவிட்ட காலம் அது. 1992இல், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த உதிரிகளைக் கொண்டு ஒரு ப்ரீஆம்ப் செய்தார். தமிழில் முன்பெருக்கி எனலாம். தகரப்பெட்டி, ஒன்பது வோல்ட் பேட்டரி, டிஎல்071 சில்லு ஒன்று. மூடியின் உட்புறத்தில் "22 மடங்கு" என்று அவர் கையெழுத்து. 2009இல் அண்ணன் மறைந்தார். பெட்டி அம்மாவின் மரப்பீரோவுக்குள் போனது.

சென்ற ஆண்டு என் மகள் கிட்டார் வாங்கினாள். பெரியப்பாவின் பெட்டியில் இணைத்துப் பார்த்தாள். ஒலி கரகரத்தது. மெல்ல மீட்டினால் சரியாக இருந்தது; சற்று அழுத்தி மீட்டினால் உடைந்தது. பெட்டி பழுதாகிவிட்டது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். பெட்டியில் பழுதேதும் இல்லை.

இனி வருவது கொஞ்சம் மின்னணுவியல். வேண்டாதவர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளலாம். கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தின்மீது சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது அதில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. அண்ணனுடையது ஒற்றைச் சுருள். மகளுடையது ஹம்பக்கர் எனப்படும் இரட்டைச் சுருள். இயற்பியல் துறை நண்பரின் தயவில், ஆய்வகத்து அலைவுகாட்டியில் இரண்டையும் இணைத்துப் பார்த்தோம். அண்ணனின் கிட்டார் வலுவான மீட்டலில் நூறு மில்லிவோல்ட்டைச் சற்றுத் தாண்டியது. மகளுடையது நானூறைத் தொட்டது. நூறை இருபத்திரண்டால் பெருக்கினால் 2.2 வோல்ட். நானூறைப் பெருக்கினால் ஒன்பது வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே. ஒன்பது வோல்ட் பேட்டரியை நடுவில் பகுத்து இயங்கும் அச்சில்லு, மேலும் கீழுமாக மூன்று வோல்ட் அளவுக்குத்தான் அலையை உயர்த்தித் தாழ்த்த முடியும். அதற்கு மேற்பட்ட முகடுகள் தட்டையாக வெட்டுண்டுபோகும். நாங்கள் கேட்ட கரகரப்பு அந்த வெட்டின் ஒலி. (அண்ணன் உள்ளீட்டில் ஒரு மெகா ஓம் மின்தடை வைத்திருந்தார். தடை குறைந்தால் பிக்கப்பின் உச்ச அலைகள் மழுங்கும் என்பதை யாரிடம் கற்றாரோ.)

தீர்வு எளிது. பெருக்கத்தைத் தீர்மானிப்பவை இரண்டு மின்தடைகள்: நூறு கிலோ ஓம், 4.7 கிலோ ஓம். முன்னதைப் பின்னதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் இருபத்திரண்டு வரும். 4.7ஐ எடுத்துவிட்டு 22 கிலோ ஓம் வைத்தால் ஐந்தரை மடங்கு. ஐந்து நிமிட வேலை.

அம்மா கூடாது என்றார். "அவன் வச்சதை எடுக்காதே." அவ்வளவுதான். கணக்கு, அளவு, அலைவுகாட்டி எதுவும் அந்த வாக்கியத்தின் முன் நிற்கவில்லை. எனக்குமே மனம் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 4.7, அண்ணன் தன் கையின் அழுத்தத்தையும் தன் கிட்டாரின் குரலையும் பல இரவுகள் கேட்டுத் தேர்ந்த எண். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று அதன் வளையங்கள் இன்னும் மங்காமல் இருந்தன. மகளோ, வாசிக்க முடியாத பெட்டி எதற்கு என்றாள். அதுவும் நியாயமே.

வழி கண்டவள் அவள்தான். எதையும் எடுக்காமல், 4.7க்குத் தொடராகப் பதினெட்டு கிலோ ஓம் சேர்த்தாள். கூட்டினால் 22.7, பெருக்கம் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். நானூறு மில்லிவோல்ட் இப்போது 2.2 வோல்ட்டுக்கு அருகில் வந்து நிற்கிறது, பெரியப்பாவின் கிட்டாருக்கு வந்த அதே அளவு. புதிய தடையைக் குறுக்கே இணைத்துவிட ஒரு சிறு சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் அவளுடைய ஐந்து. மறுபக்கம் தள்ளினால் அண்ணனின் இருபத்திரண்டு, அவர் வைத்த அதே தடையோடு.

பற்றவைத்து முடித்ததும் அம்மா பெட்டியை வாங்கிப் பார்த்தார். "இதிலே அவன் பக்கம் எது?" மகள் காட்டினாள். அம்மா சுவிட்சை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணனின் கிட்டாரையும் இப்போது அவ்வப்போது எடுக்கிறோம். ஒற்றைச் சுருளாதலால் சுற்றியுள்ள மின்கம்பிகளின் ஐம்பது ஹெர்ட்ஸ் முரலல் அதில் ஏறிக்கொள்கிறது. கிரிவலப்பாதையை ஒட்டிய எங்கள் தெருவில் பௌர்ணமியன்று கடைகளின் விளக்குச்சரங்களும் ஒலிபெருக்கிகளும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். இருபத்திரண்டு மடங்கில் அதுவும் பெருகித்தான் கேட்கிறது. மறுநாள் வரை காத்திருந்து வாசிக்கிறோம்.