சித்திரகுப்தனின் புதிய ஏடு

காஞ்சியிலே சித்திரகுப்தனுக்குக் கோயில் உண்டு. மாந்தர் செயலையெல்லாம் ஏட்டில் எழுதி எமனிடம் நீட்டுவானாம்! கேட்டு நகைத்தவர்கள் நாம். அதே மாவட்டத்தில், திருப்பெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளில், நம் தங்கையர் கோத்தெடுக்கும் கைப்பேசியோ மெய்யாகவே ஏடு எழுதுகிறது.

2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனை சேர, அத்தங்கையர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். சிதறிய விடுதிகளில் வாழ்வோர் ஒருவரையொருவர் அழைக்கக் கைப்பேசியன்றி வேறென்ன வழி?

அழைப்புப் பதிவுகளை ஓராண்டன்று, ஈராண்டு காக்க வேண்டும் எனத் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியைத் திருத்தியதும் அதே டிசம்பரில்தான். தற்செயலே, சதி என்று நாம் சொல்லவில்லை.

பேச்சு பதிவாவதில்லையே என்பர். யார், யாரை, எப்போது, எத்தனை நேரம், எந்தக் கோபுரத்தருகே நின்று அழைத்தார் என்பதெல்லாம் இருக்கப் பேச்சு எதற்கு? சங்கத் தலைவரை இரவில் அழைத்தவள் எவளென அதுவே காட்டிக் கொடுக்குமே! நீதிமன்ற ஆணையின்றியே காவல்துறைக் கண்காணிப்பாளர் கேட்டுப் பெறும் நடைமுறையும் உண்டு. சேமிப்புச் செலவோ, சுற்றி வளைத்து ரீசார்ஜ் கட்டணத்தில்தான் விடியும். சித்திரகுப்தன்கூடக் கூலி கேட்டதில்லை.

குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா? வேண்டும். ஐயத்துக்குரியவர் பதிவைக் காக்கட்டும். குற்றமற்ற கோடிப் பேர் பதிவு ஏன்? ஆறு மாதம் முதல் ஈராண்டு வரை சேமிக்கச் சொன்ன ஐரோப்பிய விதியை அங்குள்ள நீதிமன்றம் 2014-ல் செல்லாதென்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017-ல் நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்துரைத்தனர். அதைக் குறுக்கச் சட்டம் வேண்டும், அளவும் வேண்டும் என்றது தீர்ப்பு. நான்காண்டு கழித்து வந்ததோ நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று, உரிமத்தில் ஒரு திருத்தம். அளவோ, அனைவர்க்கும் ஈராண்டு!