மலை வளையுதே, கயிறு வளையலையே?

பத்தாம் வகுப்புக்கு ஆயத்தொலை வடிவியல் நடத்தி நடத்தியே எனக்கு முடி நரைத்தது. 2எக்ஸ் − 3ஒய் + 5 = 0 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக, (4, −1) வழியே செல்லும் கோடு எது? முதல் கோட்டின் சாய்வு 2/3. அதைத் தலைகீழாக்கிக் குறியையும் மாற்றினால் −3/2. இரண்டையும் பெருக்கினால் −1. சில பிள்ளைகள் குறியை மட்டும் மாற்றி −2/3 என்பார்கள். அது செங்குத்தில்லை, கண்ணாடி பிம்பம். அப்பாவுக்கு எதிராகச் செய்வதெல்லாம் சொந்த வழி என்று நினைக்கிற வயசு, வேறென்ன. விவரமானவன் 3எக்ஸ் + 2ஒய் + கே = 0 என்று எழுதிப் புள்ளியைப் போட்டு, கே = −10 என்று முடிப்பான். அந்தக் கே கிடைக்கும்வரை கையில் இருப்பது ஒரு கோடல்ல, ஒரே திசையில் போகும் கோடுகளின் கூட்டம்.

இவ்வளவும் தெரிந்த நான், போடிமெட்டுக்கு அப்பால் உறவினரோடு கூட்டாக ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்தேன். போடி மழை மறைவுப் பக்கம். மேட்டைத் தாண்டினால் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். மண் போகாமலிருக்கத் தண்ணீர் இறங்கும் திசைக்குக் குறுக்கே குழி வெட்ட வேண்டும். சர்வே வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒன்றாகச் சம உயரக் கோடுகள் நெளியுமே, தண்ணீர் அவற்றைச் செங்குத்தாக வெட்டித்தான் இறங்கும். என் பாடமேதான்! தோட்டத்து ஓரத்தில் நின்று 3, 4, 5 அடி அளந்து மூலைமட்டம் பிடித்தேன். அங்கிருந்து எதிர் ஓரம்வரை ஒரே நைலான் கயிறு.

கங்காணி பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆரம்பம் சரிதான் வாத்தியாரே. மலை வளையுதே, கயிறு வளையலையே?"

படிக்காதவர் பேச்சு என்று விட்டேன். ஜூலை மழையில் தண்ணீர் குழியில் நிற்காமல் குழியோடு ஓடி, தாழ்ந்த முனையை உடைத்து, இரண்டு வரிசைச் செடியைத் தூரோடு கொண்டுபோனது.

மழை விட்டதும் அவர் மூன்று கழிகளை ஆங்கில ‘ஏ’ எழுத்து மாதிரி கட்டிக்கொண்டு வந்தார். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல் தொங்கியது. குறுக்குக் கழியின் நடுவில் கத்தியால் கீறிய அடையாளம். ஒரு காலை ஊன்றி, மறுகாலை மேலும் கீழும் நகர்த்துவார். நூல் கீறலில் வந்து நின்றால் இரு காலும் ஒரே மட்டம். அங்கே ஒரு முளை. பிறகு அந்த முளையிலிருந்து அடுத்தது. சாயங்காலம் பார்த்தால் முளைகள் பாம்பு மாதிரி போயிருந்தன. என் சமன்பாடு தப்பில்லை. முதல் முளைக்கு மட்டும்தான் அது.

டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு அந்தக் காலத்தில் தேயிலை ரோப்வேயில் இறங்கியது. அது ஆகாயத்தில் போனதால் மலையைக் கேட்க வேண்டியதில்லை. தரையில் ஓடும் போடிமெட்டுச் சாலைக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள்.

வீட்டிலும் இரண்டு மகன்களுக்கும் ஒரே கயிறுதான் கட்டினேன். விடிகாலை ஐந்து மணிக்கு எழுவது, வாய்ப்பாடு, தப்பினால் முட்டி. பெரியவனுக்கு அது ஒத்துவந்தது. சின்னவன் ப்ளஸ் டூ முடிக்கிறவரை என்னிடம் அம்மா வழியாகத்தான் பேசினான். அவனிடம் நான் என்னவென்று கேட்டதே இல்லை.

போன மாசம் அவன் மகன் இதே கணக்கோடு வந்தான். 3எக்ஸ் + 2ஒய் + 10 = 0 என்று எழுதியிருந்தான்.

"சாய்வு சரிதானே தாத்தா, ஏன் தப்புன்னு போட்டாங்க?"

சிவப்பு மை பேனாவை எடுத்த கை நின்றது. "(4, −1) எங்க இருக்கு, காட்டு" என்றேன். வரைபடத் தாளில் விரலை வைத்தான். அவன் போட்ட கோடு விரலுக்குப் பத்துக் கட்டம் கீழே போய்க்கொண்டிருந்தது.