சித்தூர் வீட்டில் கடல்நீர்த் தொட்டி

சென்னை மெரினாவில் 1909-இல் கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கமே கடல், தண்ணீருக்குக் கவலையில்லை. சித்தூர் மாவட்டத்திலோ கடற்கரையே கிடையாது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது கூடூரும் சூளூர்பேட்டையும் சேர்ந்ததால் திருப்பதி மாவட்டத்துக்கு மட்டும் ஒரு கடலோரம் வாய்த்தது. ஆனாலும் சித்தூரிலும் திருப்பதியிலும் கோமாளி மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்குப் போனால் முதலில் கண்ணைப் பறிப்பது நீல விளக்கு. கடைசியில் வாங்க வேண்டியது அதுதான் என்பதை, தொட்டி ஒட்டுகிறவர்களோடும் பராமரிக்கிறவர்களோடும் இருந்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் தொழில் தெருத்தெருவாக நடக்கிறது. மீன் பண்ணை, தீனிக் கடை, கண்ணாடிப் பட்டறை எல்லாம் அடுத்தடுத்து. ஒரு பட்டறையில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். வெட்டிய கண்ணாடியின் ஓரங்களைத் தேய்த்து மழுக்கி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, இரு பக்கமும் டேப் ஒட்டி, சிலிக்கான் துப்பாக்கியை ஒரே இழுப்பாக இழுத்தார். நடுவில் கை நின்றால் காற்று அகப்படும், கசிவு அங்கேதான் தொடங்கும். சிலிக்கான் இறுகும்போது பட்டறை முழுக்க வினிகர் நெடி.

"எந்த ஊரு தம்பி?" என்றார். சித்தூர் என்றேன். "எந்த மாடியில வைக்கப் போறீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

அந்த அளவுத் தொட்டியில் ஏறக்குறைய 190 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் கால் டன்னுக்கு மேல் போகும். இரும்பு ஸ்டாண்டு வேண்டாம் என்றார். உப்பு பொரிந்து வழிந்து சில ஆண்டுகளில் தின்றுவிடும். ஒட்டிய தொட்டியை ஒரு வாரம் காயவிட்டு, தண்ணீர் நிரப்பிப் பார்த்த பிறகே அவர் வெளியே அனுப்புவார். அவசரப்படுத்துகிற வாடிக்கையாளருக்கு ஒட்டித் தருவதில்லையாம். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இரவில் தொட்டி பிளந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவர் மனதில் வைத்தே ஒட்டுகிறார்.

திருப்பதியில் வீடுகளிலும் ஓட்டல்களிலும் தொட்டி பராமரிக்கும் ஓர் இளைஞரோடு சுற்றினேன். அவர் பையில் இருந்தவை உப்பளவு பார்க்கும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர், டி.டி.எஸ். மீட்டர், தெர்மாமீட்டர், பழைய பல்துலக்கி. "அண்ணா, மீனு செத்தா எல்லாரும் மீன் வித்தவனத்தான் திட்டுவாங்க. நான் மொதல்ல தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பேன்" என்றார்.

நம் பக்கத்து போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு படியவிடும் கடினநீர். அதில் நைட்ரேட்டும் சிலிகேட்டும் கலந்திருந்தால் தொட்டியில் பாசி மூடிவிடும். வீட்டு ஆர்.ஓ. மட்டும் போதாது; பல இயந்திரங்கள் குடிப்பதற்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பச் சேர்க்கின்றன. அதன் பிறகு மிஞ்சிய தாதுவையும் எடுக்க ஒரு டி.ஐ. ரெசின் குழாய் வேண்டும், டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும்.

அந்தத் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்தால் கடலாகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முன்னதாகவே படிந்துவிடும். மெக்னீசியம் நிறைந்த கசப்பு நீரைக் கடைசியில் வடித்துவிடுவார்கள். மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. மீன்தொட்டிக்கென்று தயாரித்த உப்புக் கலவைதான் வேண்டும், லிட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக. அடர்த்தி எண் 1.025 வரவேண்டும். பிளாஸ்டிக் முள் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழ் ஒட்டினாலும் அளவு பிசகும். ரிஃப்ராக்டோமீட்டருக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

அடுத்தது வெயில். பவளப்பாறை மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி போதும்; திருப்பதிக் கோடையோ 40-ஐத் தாண்டுகிறது. சில்லர் நல்லதுதான், விலைதான் கனம். இங்கே நமக்கு ஒரு சாதகம் உண்டு. சென்னையின் புழுக்கத்தில் நீர் எளிதில் ஆவியாகாது. சித்தூரின் காய்ந்த காற்றில் சின்ன மின்விசிறி ஒன்றே நன்றாக வேலை செய்யும். 200 லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியானால், கணக்குப்படி மீதித் தண்ணீரிலிருந்து சுமார் 3 டிகிரி வெப்பம் வெளியேறுகிறது. அறைச் சூடு திரும்பத் திரும்ப உள்ளே வரும் என்பதால் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆவியாவது நீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்த அளவை உப்பில்லாத சுத்த நீரால் தினமும் ஈடுகட்ட வேண்டும். இதை மறந்த ஒரு வீட்டில் அந்த இளைஞர் அளந்தபோது உப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அங்கே அவர் வீட்டம்மாவிடம் குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, "அக்கா, தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ போகக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூடு ஏறினால் இன்னும் குறையும். மின்சாரம் போன இரவில் மீன்கள் மூச்சுமுட்டிச் சாவது இதனால்தான். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம் வேண்டும். ஸ்கிம்மர் அடுத்த தேவை. நுண்குமிழ்களில் ஒட்டும் கழிவை நுரையாக மேலே தள்ளி, அழுகுவதற்கு முன்பே வெளியேற்றிவிடும். பிளக் போர்டு தண்ணீர் சொட்டாத இடத்தில் இருக்கட்டும்.

பாறை வாங்கும்போது கவனம் வேண்டும். பவளங்களையும் கடல்குதிரைகளையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளம் நம் வரவேற்பறைக்கு வரக்கூடாது. காய்ந்த சுண்ணாம்புப் பாறையோ பீங்கான் கட்டியோ போதும். அதில் பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் மீன் விட வேண்டாம்.

மீனும் பண்ணையில் பிறந்ததாக இருக்கட்டும். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைப் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதைச் செய்திருக்கிறது. அப்படிப் பிறந்த மீன் தொட்டியிலேயே வளர்ந்தது, கொடுக்கிற தீனியைத் தின்னும். கடலில் வலைபோட்டுப் பிடித்தது பல நேரம் பட்டினி கிடந்தே சாகும்.

சித்தூர், திருப்பதி வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தொட்டியும் தண்ணீரும் தயாரானதும், மீன் இல்லாமல் ஒரு சித்திரை மாதத்தை ஓட்டிப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு தெர்மாமீட்டர் 28-ஐத் தாண்டாமல் நின்றால், அதன்பிறகு ஒரு ஜோடிக் கோமாளி மீன் வாங்குங்கள்.