கயிறு மாறுவதற்கு முன்

குதிரை வணிகத்தில் ‘கயிறு மாறுதல்’ என்றொரு பழைய வழக்கு உண்டு. கயிறு வாங்குபவர் கைக்கு மாறியபின் குதிரைக்கு எது நேர்ந்தாலும் விற்றவர் பொறுப்பல்லர். திருவிளையாடற் புராணத்தில், நரிகள் பரிகளாகி அரிமர்த்தன பாண்டியனிடம் ஒப்படைக்கப்படும் கதை இவ்வழக்கின்மீதே நிற்கிறது. பரிகள் இரவில் மீண்டும் நரிகளாயின. கயிறோ பகலிலேயே மாறிவிட்டது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்ததாக எழுதுகிறார். குதிரைப் பராமரிப்பு அறிந்தோரை வணிகர்கள் அந்நாட்டுக்கு வரவிடவில்லை என்பதும் அவர் கூற்று. குதிரைகள் இறந்தால்தான் விற்பனை தொடரும்! வாங்குபவரின் அறியாமையே விற்பவரின் முதலீடாக இருந்தது.

அந்த அறியாமை இன்று வேறு வடிவில் தொடர்கிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில், ஆடி மாதக் குருநாத சுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. அங்கு வாங்க வருவோருள் பலர் சுழி பார்க்கின்றனர். சுழி என்பது மயிர் வளரும் திசை. அது எலும்பையோ தசைநாரையோ தாங்குவதில்லை. ஆயினும் ஒரு தீய சுழிக்காக நலமான குதிரை விலையிழக்கலாம். நல்ல சுழியின் பெயரால் கோணற்கால் குதிரை விலைபோகலாம்.

கொள்முதலுக்கு முன் சோதிக்கும் கால்நடை மருத்துவர் கால்களிலிருந்து தொடங்குகிறார். குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் சுமக்கின்றன. முன்னங்காலின் முழங்கால் பின்னோக்கி வளைந்திருப்பின், வேக ஓட்டத்தில் மூட்டின் முன்பக்கச் சிற்றெலும்புகள் நசுங்கிச் சில்லு பெயரக்கூடும். பின்னங்கால் அரிவாள்போல் வளைந்திருப்பின் கணுவின் பின்புற நார் மிகையாக இழுபடும். குளம்புகள் வெளிநோக்கித் திரும்பியிருப்பின் நடையில் ஒரு கால் மற்றொன்றை உரசும். நின்ற நிலையில் கண்ட குறையை மருத்துவர் நடையிலும் மெல்லோட்டத்திலும் தேடுகிறார். மூட்டைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்து, உடனே ஓடவிட்டு நொண்டலைக் கவனிக்கிறார். தேவையெனில் எக்ஸ்ரே எடுக்கிறார்.

எனினும் அமைப்புக் குறை நோயன்று. கோணற்காலோடு பன்னிரண்டு ஆண்டுகள் நொண்டாமல் உழைத்த குதிரைக்கு அதன் உழைப்பே சான்று. அதே கோணல் இரண்டு வயதுக் குட்டியிடம் இருந்தால், அச்சான்று இன்னும் கிடைக்கவில்லை. பந்தயத்திற்குப் பொருந்தாத கால், நிதானமான சவாரிக்குப் போதுமானதாக இருக்கலாம். எனவே சோதனை அறிக்கை தேர்ச்சிச் சான்றிதழும் அன்று, உத்தரவாதமும் அன்று. அன்றைய நிலையையும், குறிப்பிட்ட பணிக்கான அபாயத்தையும் மட்டுமே அது கூறும்.

‘நல்ல குதிரையா?’ என்று சந்தை கேட்கிறது. அவ்வினாவில் நான்காம் வேற்றுமை விடுபட்டுள்ளது: எதற்கு நல்ல குதிரை? சுழிக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. அது எல்லாப் பணிக்கும் ஒரே விடை சொல்லும். காலுக்குத் தேவை. அதைக் கேளாமல் வாங்கியவர் இழப்பது பணம். தாங்கவியலாத பணியில் பூட்டப்பட்ட குதிரை இழப்பது காலை. நொண்டிய குதிரை அடுத்த சந்தைக்குப் போகும். அங்கு மீண்டும் கயிறு மாறும்.