பழுதைச் சொல்வதும் அமானிதமே



நம் சமுதாயத்தில் ஒரு வீடு எழும்புவது எளிதான செயல் அன்று. காரைக்காலின் தெருக்களில் நடந்தால், சிங்கப்பூரிலோ பிரான்சிலோ வளைகுடாவிலோ ஒருவர் தம் இளமையைச் செலவிட்டு அனுப்பிய பணத்தால் எழுந்த வீடுகளைக் காணலாம். அவ்வீட்டிற்கு மேல்தளம் போடும் நாள், பல்லாண்டுச் சேமிப்பு ஒரே பகலில் கல்லாக இறுகும் நாள். அந்த நாள் இப்போது பல வீடுகளில் ஓர் இயந்திரத்தை நம்பியிருக்கிறது. கான்கிரீட் பம்ப் வண்டியைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். மார்க்கம் பேசும் இடத்தில் லாரிக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டாம். கொடுக்கல் வாங்கல் இருக்கும் இடமெல்லாம் மார்க்கத்திற்கும் வேலை உண்டு.

முன்னர் சித்தாள்கள் வரிசையாக நின்று, கலவைச் சட்டிகளைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவார்கள். ஒருவர் களைத்தால் மற்றொருவர் அவ்விடத்தில் நிற்பார். இன்று ஆலையில் கலந்த கான்கிரீட் மிக்சர் லாரியில் வருகிறது. அதை வாங்கி, 125 மி.மீ. குழாய் வழியே மாடிக்குத் தள்ளுவது பம்ப் வண்டி. வண்டி ஓடும்போது சக்கரங்களுக்குச் செல்லும் இன்ஜின் விசை, நின்று வேலை செய்யும்போது ஹைட்ராலிக் பம்பிற்குத் திருப்பப்படுகிறது. இரண்டு உருளைகள் மாறி மாறிக் கலவையை இழுத்துத் தள்ளுகின்றன. ஆகவே லாரி இன்ஜின் சோர்ந்தால் மாடியில் வேலை நின்றுவிடும். அங்கே மாற்றாள் இல்லை.

இந்த வண்டிகள் அடிக்கடி பழுதாவதற்குக் காரணங்கள் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் பி.எஸ்.6 மாசு விதி நடைமுறைக்கு வந்தது. புதிய கனரக டீசல் வண்டிகளின் புகைப்போக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு இதனால் பெரிய சிரமம் இல்லை. புகை சூடாக இருப்பதால் சேர்ந்த கரி எரிந்துவிடும். பம்ப் வண்டியோ ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்றபடி இயங்குகிறது. புகையில் போதிய சூடு ஏறாததால் கரி படிந்துகொண்டே போகும். ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடேற்றி அதை எரிக்க வண்டிக்குச் சிறிது ஓய்வு தர வேண்டும். அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் விசையைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பழைய வண்டிகளுக்கு வேறு நோய்கள். ஜல்லியும் மணலும் உரசி வால்வும் அதன் வளையமும் தேய்கின்றன. கோடை வெயிலில் ஹைட்ராலிக் எண்ணெய் கொதித்து சீல்கள் கசிகின்றன. உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. அரசலாற்றுப் படுகையின் வண்டல் மண்ணும் ஒரு சோதனைதான். நீண்ட கையை விரிக்கும்போது வண்டியின் ஒரு காலில் மட்டும் பல டன் எடை இறங்குகிறது. அண்மையில் நிரப்பிய பள்ளத்தின்மேல் அக்கால் ஊன்றப்பட்டால் வண்டியே சாயக்கூடும்.

உம்மா பெயரில் நாங்கள் கட்டிய வீட்டின் மாடித் தளத்திற்குக் கான்கிரீட் போட்ட அன்று, இரண்டு மிக்சர் லாரிகள் காலியாகி மூன்றாவது பாதியில் இருந்தபோது பம்ப் வண்டியின் இரைச்சல் தணிந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஜார்க்கண்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதை இயக்கிக்கொண்டிருந்தார். அவர் எங்களிடம் வந்து, தமக்குத் தெரிந்த தமிழில், "இந்த லைட் போன வாரமே எரிஞ்சுது. ஓனர்கிட்ட சொன்னேன். இப்ப ஓடினாலும் மறுபடி நிக்கும்" என்றார். பழுது தெரிந்தே வண்டி அனுப்பப்பட்டிருக்கிறது!

ஒப்பந்தக்காரர் பதறவில்லை. "ஒரு மணி நேரத்தில் வண்டி கிளம்பிடும். மிக்சர்ல கொஞ்சம் தண்ணி விட்டா கலவை இளகிடும். அங்கங்க ஓட்டை தெரிஞ்சா பூச்சுல மறைஞ்சிடும்" என்றார். பூச்சில் மறைந்துவிடும் என்பதுதான் எங்களை அச்சுறுத்தியது. ஆலையில் ஏற்றிய கான்கிரீட்டைப் பொதுவாக 2 மணி நேரத்திற்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 4926. பின்னர் சேர்க்கும் தண்ணீர் கலவையை இளக்கினாலும் வலிமையைக் குறைத்து, உலர்ந்தபின் நுண்துளைகளை விட்டுச் செல்லும். அத்துளைகள் வழியே உப்பு ஈரம் கம்பியைத் தொடும். கடலோரச் சூழலுக்குத் திறந்திருக்கும் கம்பிக் கட்டுமானத்திற்குக் குறைந்தது எம்30 தரம் வேண்டும் என்று ஐ.எஸ். 456 கூறுவது இதனால்தான்.

துபாயில் இருந்த நானாவைத் தொலைபேசியில் அழைத்தோம். விடுப்பு முடிவதற்குள் வந்து வீடு குடிபுக வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர் அவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "நிறுத்தச் சொல்லுங்க. குடிபோறது எப்ப வேணும்னாலும் போகலாம். உம்மா அந்தத் தளத்துக்குக் கீழதான் தூங்கப் போறாங்க" என்றார். பொறியாளர் வரவழைக்கப்பட்டார். தூண்களுக்கு இடைப்பட்ட நீளத்தின் நடுப்பகுதியில் பலகை வைத்து, நேரான விளிம்போடு வேலையை முடிக்கச் செய்தார். எஞ்சிய கலவை திருப்பி அனுப்பப்பட்டது. ஆறு நாள் கழித்து அவ்விளிம்பைச் சுரண்டிக் கழுவி, சிமெண்ட் பால் தடவி, வேறு வண்டி கொண்டு மீதித் தளத்தைப் போட்டோம். செலவு கூடியது; நானாவின் விடுப்பும் தள்ளிப்போனது. அன்று நண்பகலில் உம்மா அந்த இளைஞரை அமரவைத்துச் சோறு போட்டு, "உண்மையைச் சொன்ன புள்ள, வயிறார சாப்பிடட்டும்" என்றார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்தபோது உள்ளே கையை நுழைத்து, ஈரத்தைக் கண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் குறித்துக் கடுமையாக எச்சரித்தார்கள் நபியவர்கள். மழை பெய்தது அவ்வணிகரின் குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். வண்டி பழுதாவதும் மழையைப் போன்றதே. இரும்பு தேயும், வடிகட்டி அடைக்கும். தெரிந்த பழுதை மறைத்து வாடகைக்கு விடுவதும், நின்றுபோன இடத்தைப் பூச்சில் மறைப்பதும்தான் ஈரத்தை அடியில் வைப்பது. விற்ற பொருளில் மறைந்திருந்த குறை தெரியவந்தால் திருப்பித் தரும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் வாங்கியவருக்கு அளிக்கின்றன. வாடகை ஒப்பந்தத்திலும், கொடுக்கும் பொருள் அவ்வேலைக்கு உதவ வேண்டும் என்பது அடிப்படை.

வீடு கட்டுவோரின் பொறுப்பும் இதில் உண்டு. வண்டியைப் பேசும்போதே, எச்சரிக்கை விளக்கு ஏதும் எரிகிறதா, வடிகட்டியை எப்போது சுத்தம் செய்தார்கள், நின்றுபோனால் மாற்று வண்டி எவ்வளவு நேரத்தில் வரும் என்று கேளுங்கள். பாதியில் நின்றால் வாடகை எப்படி என்பதை எழுதி வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆன் நமக்குக் கற்பித்திருக்கிறது. அப்பழக்கம் இங்கும் நன்மையே தரும். வண்டி நிற்கும் இடத்தில் பழைய பள்ளமோ கழிவுநீர்த் தொட்டியோ இருந்தால் முன்பே காட்டுங்கள். கால்களின் கீழ் கனமான கட்டைகள் வைக்கச் சொல்லுங்கள். மேலே மின்கம்பி சென்றால் மின்துறைக்குத் தெரிவியுங்கள். வேலை இடையில் நின்றால் எங்கே நிறுத்துவது என்பதைப் பொறியாளரிடம் முதல்நாளே குறித்து வாங்குங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பழுதைச் சொல்லும் தொழிலாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள். சொன்னால் வசவு கிடைக்கும் என்ற அச்சமே பல இடங்களில் அவர்களை வாய்மூட வைக்கிறது. குடிபுகும் விருந்திற்குத் தேதி குறித்துவிட்டு அவர்களை விரட்டினால், மறைக்கும்படி நாமே தூண்டியவர்களாகிவிடுவோம்.

நம் இல்லங்களையும், அவற்றைக் கட்டித் தரும் கரங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! குறையைக் கண்டால் சொல்லும் துணிவையும், கேட்டால் பொறுக்கும் மனத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.