இரண்டாம் விலைத்தாள்

கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவருக்குப் பொருளியல் கற்பித்து வருகின்றோம். ஒரு பொருளை வாங்கும் விருப்பமும் அதற்கான வலுவும் ஒருங்கு சேர்ந்தால் அதனை அந்நூலார் ‘கேள்வி’ என்பர்; விற்பனைக்கு வருவதை ‘நிரம்பல்’ என்பர். கேள்வி மிகுந்து நிரம்பல் குறையின் விலை ஏறும் என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையிற் கோடு வரைந்து காட்டியிருக்கின்றோம். ஆயினும் அக்கோட்டின் பொருளை நாம் உள்ளபடி உணர்ந்தது, 2017ஆம் ஆண்டில் எமது தம்பி அமெரிக்காவிலிருந்து அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றினாலேயாம்.

தம்பி நியூ ஜேர்சியிற் பொறியியலாளனாக இருக்கின்றான். இளமை தொட்டே வேகமான மோட்டார் வண்டிகளில் அவனுக்குத் தீராத மோகம். ஹொண்டா நிறுவனம் ‘சிவிக் டைப் ஆர்’ என்னும் வண்டியை அவ்வாண்டிலேதான் முதன்முறையாக அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. 306 குதிரைவலுவும், கையால் மாற்றும் ஆறு கியர்களும் கொண்ட வண்டி. அந்நாளில் அது இங்கிலாந்தின் சுவிண்டன் நகரிற் செய்யப்பட்டுக் கப்பலேறி வரவேண்டியிருந்தது. வந்தவை சில, வேண்டி நின்றோர் பலர். நிறுவனம் குறித்த விலை 33,900 டொலர். தம்பி சென்ற விற்பனை நிலையத்திலோ, அவ்விலைத்தாளின் அருகே இரண்டாவது தாளொன்றும் ஒட்டப்பட்டிருந்தது. ‘சந்தை நிலைமைக்கேற்ற திருத்தம்: 10,000 டொலர்’ என்பதே அதிலிருந்த வாசகம். ‘கொடுக்கலாமா, அண்ணா?’ என்று கேட்டிருந்தான்.

முதலாவது தாள் சட்டத்தின் பயனாக வந்தது. முன்னாளில் அமெரிக்க வணிகர் சிலர் வாய்க்கு வந்த விலை கூறி வந்தமையால், செனற்றர் மொன்ரோனி என்பாரின் முயற்சியால் 1958இல் ஒரு சட்டம் நிறைவேறியது. புதிய வண்டி ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் உற்பத்தியாளரின் விலை ஒட்டப்படல் வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் அவ்விலை பரிந்துரை மாத்திரமே, கட்டளையன்று. விற்பனை முகவர் வண்டியை வாங்கித் தம் பொறுப்பில் விற்கும் தனி வணிகர். உற்பத்தியாளர் தாமே கடை திறந்து விற்பதைப் பல மாநிலங்களின் சட்டங்கள் தடுக்கின்றன. ஆகவே இரண்டாம் தாளை ஒட்டுவது குற்றமாகாது.

அண்ணன் என்ற உரிமையோடும் ஆசிரியன் என்ற செருக்கோடும் நீண்ட மறுமொழி எழுதினோம். ‘அந்தப் பத்தாயிரம், வண்டிக்கு ஓர் ஆணியையேனும் கூட்டாது. கடன்பட்டு வாங்கினால் அதற்கும் வட்டி கட்டுவாய். நாளை விற்கும்போது அதனை எவரும் திருப்பித் தரார். ஓராண்டு பொறு; மோகம் தணியும், விலையும் தணியும்.’

அவனுடைய பதில் இரண்டே வரி. ‘அப்பாவும் பொறுத்தவர்தானே, அண்ணா. எவ்வளவு காலம் பொறுக்கவேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ.’

அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க ஆசைப்பட்டவர். விலை இறங்கட்டும், யுத்தம் ஓயட்டும், பிள்ளைகள் படித்து முடிக்கட்டும் என்று ஒத்திவைத்து ஒத்திவைத்து, கடைசிவரை துவிச்சக்கர வண்டியையே மிதித்து மறைந்தார். கேள்வியைப் பற்றி இத்தனை ஆண்டு கற்பித்த எமக்கு, இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. நாம் மறுமொழி எழுதவில்லை. தம்பி வண்டியை வாங்கினான்.

இரண்டாண்டின் பின் குழந்தை பிறந்தது. பெரிய வண்டி வேண்டி அதனை விற்றான். வாங்கிய வணிகர் 33,900 டொலரிலிருந்தே கழித்துக் கணக்கிட்டார். இரண்டாம் தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை. தம்பி அத்தாளை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கின்றான். ‘இது நான் கட்டின பள்ளிக்கூடக் காசு, அண்ணா. ஆனால் ஓடின இரண்டு வருசமும் சந்தோசம்தான்’ என்றான்.

அவனை எள்ளும் தகுதி எமக்கும் நெடுநாள் இருக்கவில்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு, அம்மாவை வாரந்தோறும் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல ஒரு கார் இன்றியமையாததாயிற்று. எட்டாண்டு ஓடிய சிறு காரொன்றுக்கு, அது புதிதாக வந்தபோதிருந்த விலையிலும் கூடுதலாகக் கொடுத்தோம். ‘உங்கடை இரண்டாம் தாள் எங்கை, அண்ணா?’ என்று தம்பி தொலைபேசியிற் சிரித்தான். நாம் வாங்கிய இடத்தில் அப்படியொரு தாள் இல்லை. பொருளின் விலையும் அவசரத்தின் விலையும் ஒன்றாய்க் கலந்தே எம்மிடம் கேட்கப்பட்டன.

இப்பொழுது மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்து வருகின்றோம். ஆசைப்பட்ட பொருளை வாங்குமுன் இரண்டு தாள் எடுங்கள். ஒன்றில் பொருளின் விலையையும், மற்றதிற் காத்திராமைக்குக் கொடுக்கும் விலையையும் எழுதிப் பாருங்கள். இரண்டாம் தொகை சில வேளை கொடுக்கத் தக்கதே. அம்மாவுக்காகக் கொடுத்ததை எண்ணி நாம் வருந்தியதில்லை. பல வேளைகளில் அது கொடுக்கத் தகாததே.

ஆனால் பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. அதனை அப்பா செலுத்தினார். அவருடைய தாளை மாத்திரம் வீட்டில் எவரும் வாசித்துப் பார்க்கவில்லை.