பஞ்சப்படியும் பருப்பும்

இலக்கிய மலரில் மளிகைப் பட்டியலுக்கு இடமுண்டோ என்று அன்பர்கள் வினவலாம். வரவையும் செலவையும் பற்றிப் பேச வள்ளுவரே தயங்கவில்லை என்று மட்டும் கூறி மேலே செல்கிறோம். மளிகைச் செலவைச் சுருக்கும் வழிகளை இதழ்கள் ஓயாமல் எழுதுகின்றன. எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. சுருக்கிய பின் இல்லத்தில் யாருடைய தட்டில் குறைகிறது என்று கேட்பாரைக் காணோம்.

அரசு ஊழியர்க்குரிய அகவிலைப்படியை முன்னைத் தலைமுறையினர் பஞ்சப்படி என்றனர். ஸ்ரீராம்புரத்தில் ஓய்வூதியம் பெறும் முதியவர் சிலர் இன்றும் அச்சொல்லையே வழங்குகின்றனர். புதுச்சொல் நாகரிகமானது, பழஞ்சொல் உண்மையானது என்பது நம் கருத்து. தொழிலாளர் பணியகம் 88 தொழில் நகரங்களில் விலைகளைத் திரட்டித் திங்கள்தோறும் ஒரு குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. பெங்களூரும் அந்நகரங்களுள் ஒன்று. அவ்வெண் ஏறினால் நம் படியும் ஏறும். 2001-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட பழைய வரிசையில் உணவுக்கும் பானங்களுக்கும் நூற்றுக்கு 46 பங்கு தரப்பட்டிருந்தது. 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசையில் அது 39 ஆயிற்று. செல்வம் பெருகப் பெருகச் செலவில் உணவின் பங்கு குறையும் என்பது பொருளியலார் கண்ட விதி. அவ்விதி நம் தெருவுக்குள் இன்னும் முழுமையாக நுழைந்தபாடில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை, படி 17 விழுக்காட்டிலேயே நின்றது. நம் இல்லத்தில் சிக்கனப் பேச்சு முறையாகத் தொடங்கியது அப்போதுதான். பின்னர்ப் படி உயர்ந்தும் பேச்சு ஓயவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. சூரியகாந்தி எண்ணெய் வரத்துத் தடுமாறியது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தது. கருங்கடற்கரையில் வெடித்த குண்டுக்கு நம் வீட்டு வாணலி பதில் சொல்லவேண்டியதாயிற்று. நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது என்பதை அப்போது மளிகைக் கடைக்காரரே நமக்கு விளக்கினார்.

செலவைக் குறைக்குமுன் எவ்வளவு உண்ணவேண்டும் என்று தெரியவேண்டுமல்லவா? எழுத்தர் தொழிலில் காலங்கழித்தவர்க்கு அதற்கும் ஒரு கோப்பு கிடைக்கும். ஏழாவது ஊதியக் குழு 2015 நவம்பரில் அளித்த அறிக்கையில், குறைந்த அளவு ஊதியம் 18,000 ரூபாய் என்று எப்படி முடிவாயிற்று என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. ஒரு குடும்பத்தின் ஒரு திங்கள் உணவு அதில் அப்படியே எடை போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. அரிசியும் கோதுமையும் 42.75 கிலோ, பருப்பு வகை 7.2 கிலோ, பால் 18 லிட்டர், எண்ணெய் 3.6 கிலோ, சர்க்கரையும் வெல்லமும் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல், பழம் 10.8 கிலோ, முட்டை 90. கீரை, காய்கறி, மீன், இறைச்சி ஆகியவற்றுக்கும் தனித்தனி வரிகள் உள்ளன. பழம் என்னும் வரியைப் படித்தபோது இல்லத்தரசியார் வாய்விட்டுச் சிரித்தார். நம் வீட்டில் பழம் என்பது பெரும்பாலும் விருந்தினர் கொண்டுவருவது.

இவ்வளவுக்கும் மூலவர் வாலஸ் அய்க்ராய்டு என்னும் ஊட்டவியல் அறிஞர். அயர்லாந்தில் பிறந்த இவர் 1935 முதல் 1945 வரை நம் நீலகிரியின் குன்னூரில் இருந்த ஊட்டவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக விளங்கினார். அக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டவியல் நிறுவனமாயிற்று. வங்கப் பெரும்பஞ்சத்தை ஆராய்ந்த விசாரணைக் குழுவிலும் இவர் உறுப்பினர். பஞ்சத்தின் கணக்கைப் பார்த்த அதே கண்கள்தாம் பஞ்சப்படி வாங்குவோரின் உணவுக்கும் அளவு வகுத்தன. வளர்ந்த ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி என்ற இவருடைய கணக்கை 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஏற்றுக்கொண்டது.

அம்மாநாடு குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாக்கியது. கணவன் 1, மனைவி 0.8, குழந்தைகள் இருவர்க்கும் தலைக்கு 0.6. கூட்டினால் மூன்று. கணக்கு வழுவின்றி முடிகிறது. ஆனால் நம் இல்லத்தில் எழுபது வயதைக் கடந்த அன்னையார் இருக்கிறார். அட்டவணையில் அவர்க்கு அலகில்லை, சுழியம்கூட இடப்படவில்லை. தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய சுழியங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் பட்டியலை அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நால்வர்க்கு 7.2 கிலோ பருப்பு என்ற இடத்தில் நாம் ஐவரும் சேர்ந்து வாங்கியது துவரை, உளுந்து, பயறு, கடலை எல்லாம் கூட்டி நான்கரைக் கிலோ. எண்ணெயோ மாறாக ஆறு லிட்டர்! பால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர். அதில் பெரும்பகுதி காப்பிக்குப் போயிற்று. 2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்ட நாளில் சுருங்கிய குழம்பு, விலை இறங்கிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று இல்லத்தரசியார் விளக்கம் தந்தார். குழம்பை நீர்க்க வைப்பது எளிது. கெட்டியாக்கப் பிறகு மனம் வருவதில்லையாம்.

அடுத்த ஒரு கிழமை, யார் தட்டில் என்ன விழுகிறது என்று பையனின் பழைய நோட்டொன்றில் கரண்டிக் கணக்காகக் குறித்தோம். இல்லத்தரசியார் முதலில் இதை விளையாட்டென்றே கொண்டார். குழந்தைகளுக்கு அடிக்குழம்பு இரண்டு கரண்டி. நமக்கு ஒன்றரை. அன்னையார்க்கு ஒன்று, அவர்க்குரிய இரவுப் பாலும் பாதிக்கு மேல் பேத்தியின் குவளைக்குப் போயிற்று. கடைசியில் உண்பவர்க்கு மேலாகத் தெளிந்து நின்ற நீரும், ஊறுகாயும், மோரும். 0.8 என்று 1957-இல் எழுதப்பட்டவர் நம் நோட்டின்படி பருப்பில் அரை அலகையும் எட்டவில்லை. யாரும் அவர்க்கு மறுக்கவில்லை, அவர் கேட்கவுமில்லை. சிக்கனம் என்ற பேச்சு எழுந்த நாள்தொட்டு அதற்குரிய தொகையை அவர் தம் தட்டிலிருந்தே கட்டிவந்தார்.

அத்திங்களில் நம் பகுதியில் நடந்த மருத்துவ முகாமில் அவர்க்குக் குருதிச் சோதனை செய்தனர். ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. பெண்டிர்க்குப் பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் சோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையோர். சோகைக்குக் காரணங்கள் பல என்று மருத்துவர் கூறினார். உணவு அவற்றுள் முதன்மையானது என்றும் கூறினார்.

அதன்பின் சிக்கனத்திற்கு எல்லை வகுத்தோம். பருப்பு, கீரை, முட்டை, பால் ஆகிய நான்கில் கைவைப்பதில்லை. மற்றவற்றில் தாராளமாகக் கைவைக்கலாம்.

அரிசியை ஐந்து கிலோப் பைகளாக வாங்குவதை விட்டு மூட்டைக்கு மாறினோம். இம்மூட்டையின் வரலாறு சுவையானது. 25 கிலோ வரை அடைத்து விற்கும் அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட எடைக்கு வரியில்லை. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை பிறந்தது! ஒரு கிலோ அரிசி ஒரு சட்ட விதியைத் தாண்டிக் குதித்ததை வேறெங்கும் நாம் கண்டதில்லை. மூட்டையால் மட்டும் திங்களுக்கு ஏறத்தாழ 400 ரூபாய் மிஞ்சியது. வாரத்தில் மூன்று இரவுகள் கேழ்வரகுக்கு ஒதுக்கினோம். களி என்றால் முகஞ்சுளித்த பையன், பக்கத்து வீட்டுக் கன்னடத் தோழன் முத்தே என்று விரும்பியுண்பதைக் கண்டு சமாதானமானான். கேழ்வரகில் அரிசியைவிட முப்பது மடங்குக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அன்னையாரின் எலும்புக்கும் அது நன்று.

எண்ணெய் ஆறு லிட்டரிலிருந்து நாலரையாயிற்று. பத்து மணித்துளிகளில் பொருளைக் கொணரும் கைப்பேசிச் செயலிகளை நீக்கினோம். கொத்தமல்லிக்கென்று தொடங்கும் ஆணை, இரண்டு பிஸ்கட் பொட்டலமும் ஒரு குளிர்பானமும் சேராமல் முடிந்ததே இல்லை. ஞாயிறுதோறும் சிட்டி மார்க்கெட்டுக்கோ மல்லேசுவரம் சந்தைக்கோ பையோடு செல்கிறோம். பயறு வகைகளை நான்கு குடும்பத்தார் கூடி யஷ்வந்தபுரம் யார்டில் சிப்பமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்கிறோம். மிளகாய்ப்பொடியும் குழம்புப்பொடியும் நம் தெருமுனை மாவு மில்லில் அரைபடுகின்றன. மார்கழியில் மாகடிப் பக்கத்து அவரைக்காய் மலிந்து குவியும்போது துவரைக்கு ஓய்வு; கொள்ளுரசத்துக்குக் குளிர்காலம் முழுதும் இடம்.

பொட்டலத்தின் முன்பக்கத்தை நாம் இப்போது படிப்பதில்லை. குறிப்பிட்ட அளவுகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்றிருந்த விதி 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. ஈடாக, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சிடவேண்டும் என்றாயிற்று. அச்சிற்றெழுத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடி தேவை. ஆயினும் அதுவே பொட்டலத்தில் நேர்மையான வரி.

இவ்வழிகளெல்லாம் திங்கள் இறுதியில் முழுச் சம்பளம் கைக்கு வருவோர்க்கே வாய்க்கும். ஆலைகளை நம்பிக் குடியேறிய குடும்பங்கள் நிறைந்த பகுதி நம் ஸ்ரீராம்புரம். அருகே ராஜா மில் இருந்த இடத்தில் இன்று பெருவணிக வளாகம் நிற்கிறது. ஆலைச் சம்பளம் போன பின் நாட்கூலியே கதியான வீடுகள் பல. நம் எதிர் வீட்டார் மாலைதோறும் கூலி வந்த பின்னரே இருநூறு கிராம் பருப்பும் சிறு பொட்டலத்தில் எண்ணெயும் வாங்குகின்றனர். நாம் மூட்டைக்குக் கொடுப்பதைவிட அவர்கள் பிடிக்குக் கொடுப்பது கூடுதல். ஏழைமைக்கு விலை அதிகம் என்பதை மளிகைக் கடைத் தராசு போல வேறெதுவும் காட்டுவதில்லை. யார்டுப் பங்கில் அவர்களையும் ஐந்தாவது குடும்பமாகச் சேர்த்துப் பணத்தைச் சனிக்கிழமைதோறும் சிறுகச் சிறுக வாங்கிக்கொள்ள இல்லத்தரசியார் ஏற்பாடு செய்தார்.

எல்லாம் கூட்டினால் திங்களுக்கு 2,100 ரூபாய் அளவில் குறைந்தது. அதில் 700 ரூபாயைப் பருப்புக்கும் முட்டைக்கும் கீரைக்கும் திருப்பிவிட்டோம். பருப்பு வகை இப்போது ஏழு கிலோ. குழம்பில் கரண்டி நிற்கிறது. உண்ணும் வரிசையும் மாறியது: ஐவரும் ஒருசேர அமர்கிறோம், பாத்திரம் நடுவில். ஆறு திங்கள் மாத்திரையும் இவ்வுணவும் சேர்ந்து 9.6-ஐ 11.4 ஆக்கியிருக்கின்றன.

2025-இல் எட்டாவது ஊதியக் குழு அமைந்தது. பெற்றோரையும் அலகுக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் கேட்டுவருகின்றன. நம் அலுவலகச் சங்கக் கிளையிலும் உறுப்பினர் கருத்தெழுத ஒரு படிவம் சுற்றுக்கு விட்டனர். யாருக்கு எத்தனை அலகு என்று அதில் கட்டங்கள் இருந்தன. படிவத்தை இல்லத்தில் வைத்து நிரப்பினோம்.

“அத்தைக்கு ஒன்று என்றே எழுதுங்கள்” என்றார் இல்லத்தரசியார். தம்முடைய கட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் உலைக்கு அரிசி களையப் போய்விட்டார். 0.8 என்று முன்னமே அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு, அதிலும் ஒன்று என்று எழுதிக் கையொப்பமிட்டோம்.